சாயப்பட்டறையின் தண்ணீர்க் கணக்கும் புகைக் கணக்கும்: மீட்டரிலிருந்து அறிக்கை வரை

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஒரே தண்ணீருக்குப் பல இடங்களில் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கையான படிவம் 5 போகிறது. துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுக்கு, ஆலையின் சுற்றுச்சூழல் செயல்பாட்டை மதிப்பிடும் ஹிக் எஃப்.இ.எம். கேள்வித்தாள் போகிறது. தாய் நிறுவனம் பங்குச்சந்தையில் இருந்தால், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். எனும் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கைக்கும் எண்கள் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் ஒருவர் நிரப்புகிறார், ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கிறது. தணிக்கையாளர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில்தான் சிக்கல் வெளியே வருகிறது.

நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பட்ட பாடு ஊரறிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறையை முழுதாக நடத்திக் காட்டினால்தான் பட்டறை ஓடலாம் என்று ஆனது. அதனால் இங்கே அளவீடு புதிய விஷயம் இல்லை. மீட்டர் இல்லாத பட்டறையே இல்லை எனலாம். மீட்டர் சொல்வது சரியா என்று வேறொரு வழியில் சோதிக்கும் பழக்கம்தான் குறைவு. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது: ஒவ்வொரு முக்கிய எண்ணையும் இரண்டு வழிகளில் எடுக்க வேண்டும், இரண்டும் ஒத்துவந்தால்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.

கணக்குப் புரிவதற்காக ஒரு மாதிரிப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 10 டன் பருத்திப் பின்னல் துணி, ஆண்டுக்கு 300 நாள், மொத்தம் 3,000 டன். சொந்தச் சுத்திகரிப்பு நிலையம், நிலக்கரி பாய்லர், மின்வாரிய இணைப்பு, ஒரு டீசல் ஜெனரேட்டர். கீழே வரும் பட்டறை எண்கள் எல்லாம் இந்த மாதிரிக்கானவை.

முதலில் வேலி எது என்று முடிவு செய்யுங்கள்

எதை உங்கள் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள். பட்டறை, சுத்திகரிப்பு நிலையம், தொழிலாளர் விடுதி, கேன்டீன், சொந்த லாரிகள் என நீங்கள் இயக்குவது எல்லாம் உள்ளே. வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கும் பிரின்டிங், காம்பாக்டிங் எல்லாம் வெளியே.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இருப்பவர்கள்தான் இங்கே குழம்புகிறார்கள். குழாயில் அனுப்பும் சாயக்கழிவு ‘மூன்றாம் தரப்புக்கு வெளியேற்றிய நீர்’. அங்கிருந்து திரும்பி வரும் ஆர்.ஓ. தண்ணீர் ‘மூன்றாம் தரப்பிடம் எடுத்த நீர்’. இரண்டையும் தனித்தனியாக எழுதினால் கழித்த மிச்சம் சரியாக வரும். திரும்பி வந்ததைச் ‘சொந்த மறுசுழற்சி’ என்று எழுதிவிட்டு, அனுப்பியதை வெளியேற்றத்திலும் காட்டினால் நுகர்வு எண் எதிர்மறையாகக்கூட வந்து நிற்கும். பொது நிலையத்தின் மின்சாரமும் நீராவியும் உங்கள் நேரடிக் கணக்கில் வராது. பசுமைக்குடில் வாயுக் கணக்கில் ‘ஸ்கோப் 3’ எனப்படும் மறைமுகப் பிரிவில் வரும்.

மீட்டர் எங்கே, எப்படி

கீழ்க்கண்ட இடங்களில் தனித்தனி மீட்டர் இல்லாமல் சமன் போட முடியாது:

- ஒவ்வொரு போர், வாங்கும் குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் இறங்கும் சம்ப்
- சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) வெளியீடு
- சாயக்கூடத்துக்குப் போகும் மொத்த லைன்
- பாய்லர் ஃபீட் தண்ணீர், அதில் புதுத் தண்ணீர் தனி, கன்டன்சேட் (நீராவி குளிர்ந்து திரும்பும் தண்ணீர்) தனி
- கூலிங் டவர் மேக்கப் (ஆவியானதை ஈடுகட்ட விடும் தண்ணீர்)
- சமன்படுத்தும் தொட்டிக்கு வரும் கழிவுநீர்
- ஆர்.ஓ. ஃபீட் (உள்ளே போவது), பெர்மியேட் (வடிந்த நல்ல தண்ணீர்), ரிஜெக்ட் (மிஞ்சும் உப்புத் தண்ணீர்)
- எவாப்பரேட்டர் (உப்புத் தண்ணீரை ஆவியாக்கும் கருவி) ஃபீட், கன்டன்சேட்
- விடுதி, கேன்டீன், கழிவறை

கழிவுநீருக்கு மின்காந்த ஃப்ளோ மீட்டர்தான். சுழலும் சக்கரம் உள்ள மெக்கானிக்கல் மீட்டரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். சில வாரங்களில் குறைவாகக் காட்டத் தொடங்கும், கடைசியில் நின்றுவிடும். மின்காந்த மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தின் 5 மடங்கு, பின்னால் 2 முதல் 3 மடங்கு நேர்க்குழாய் வேண்டும். 100 மி.மீ. குழாயில் முன்னால் அரை மீட்டர், பின்னால் கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பம்ப் டெலிவரியில் வால்வை ஒட்டி மீட்டர் மாட்டியிருந்தால் அந்த எண்ணை நம்பி ஒன்றும் எழுத முடியாது. முன்பின் சொன்னது மீட்டர் தயாரிப்பாளரின் பொதுக்கணக்கு. உங்கள் மாடலின் கையேட்டில் கூடுதலாகக் கேட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

குழாய் எப்போதும் முழுக்க நிறைந்து ஓட வேண்டும். ஈர்ப்பில் பாதி நிறைந்து ஓடும் லைனில் மாட்டினால் மீட்டர் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் முழுக் குறுக்களவும் தண்ணீர் என்று நினைத்துத்தான் அது கணக்கிடுகிறது. தண்ணீர் மேல்நோக்கி ஏறும் செங்குத்துக் குழாயில் மாட்டுவது நல்லது. பிளாஸ்டிக் லைன் என்றால் எர்த்திங் ரிங் கட்டாயம். இல்லாவிட்டால் பம்ப் நின்ற பிறகும் எண் ஏறிக்கொண்டே இருக்கும். பெரிய மீட்டர் வாங்கிவிட்டுச் சிறிய ஓட்டத்துக்குப் பயன்படுத்துவதும் வழக்கமான தப்பு. நீரின் வேகம் நொடிக்கு 0.3 மீட்டருக்குக் கீழே போனால் பிழை வேகமாகக் கூடும். இன்னொன்று, இந்த வகை மீட்டருக்குத் தண்ணீரில் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ சீமன்ஸாவது இருக்க வேண்டும். மிகச் சுத்தமான நீராவிக் கன்டன்சேட்டில் எண் தடுமாறினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மீட்டரைச் சோதிக்க வெளியாள் தேவையில்லை. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள சம்ப்பில் 1 செ.மீ. இறங்கினால் 120 லிட்டர். உள்வரும் வால்வை மூடுங்கள், பம்பை ஓட்டுங்கள், மட்டம் 50 செ.மீ. இறங்கும் வரை விடுங்கள். மீட்டரில் 6,000 லிட்டர் ஏறியிருக்க வேண்டும். 5,700-க்கும் 6,300-க்கும் நடுவில் இருந்தால் அன்றாட வேலைக்குப் போதும். தாண்டினால் கழற்றி எலெக்ட்ரோடைத் துடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை முறையான காலிபரேஷன் சான்றிதழ் வாங்கினால் தணிக்கையில் கேள்வி குறையும்.

லாரித் தண்ணீரில் ‘12,000 லிட்டர் லோடு’ என்பது பெயருக்குத்தான். உள்ளே வரும்போதும் காலியாகப் போகும்போதும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். ஒரு கிலோ ஒரு லிட்டர். சில லோடுகளை எடைபோட்டுச் சராசரி கண்டுபிடித்து, அந்தச் சராசரியால் பெருக்குங்கள். போருக்கு ‘பம்ப் ஓடிய நேரம் × பெயர்ப்பலகை ஓட்டம்’ என்று போடும் கணக்கையும் விட்டுவிடுங்கள். கோடையில் நிலத்தடி மட்டம் இறங்கும்போது அதே பம்ப் குறைவாகத்தான் தள்ளும்; மார்ச்சில் போட்ட கணக்கு மே மாதத்தில் பொய்யாகிவிடும்.

எல்லா மீட்டரையும் தினமும் ஒரே நேரத்தில், உதாரணமாகக் காலை 6 மணிக்கு, ஷிப்ட் மாறும் முன் எடுக்க வேண்டும். எழுதுவது மொத்தம் கூட்டும் டோட்டலைசர் எண்ணை. அன்றைய ஓட்டத்தை அல்ல. கழிப்பதைக் கணினி செய்யட்டும். மீட்டர் மாற்றும் நாளில் பழையதன் கடைசி எண்ணையும் புதியதன் முதல் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். அறிக்கைகளில் வரும் திடீர் ஏற்ற இறக்கங்களில் பல, இந்த ஒரு படம் இல்லாததால் வந்தவை.

நீர்ச் சமன்

மாதிரிப் பட்டறையில் ஒரு நாள் கணக்கு இது. ஒரு கிலோலிட்டர் என்பது 1,000 லிட்டர்.

புதுத் தண்ணீர் 110 கிலோலிட்டர்: சாயக்கூடத்துக்கு 50, பாய்லருக்கு 25, கூலிங் டவருக்கு 25, விடுதி-கேன்டீனுக்கு 10. சாயக்கூடம் பயன்படுத்துவது 600. அதாவது கிலோ துணிக்கு 60 லிட்டர். அதில் 550 சுத்திகரித்துத் திரும்பி வந்தது, மீதி 50 புதியது. பிழிந்த துணி தன் எடையில் சுமார் 70 சதவீதம் ஈரத்தோடு டிரையருக்குப் போகிறது, ஆக 7 கிலோலிட்டர் அங்கே ஆவியாகிறது. மெஷின்களில் ஆவியாவது இன்னொரு 8. மிச்சம் 585 கழிவுநீராக வருகிறது. 550 திரும்புகிறது என்றால் சுத்திகரிப்பு நிலையத்தில் 35 காணவில்லை. சேற்றின் ஈரம், திறந்த தொட்டிகளின் ஆவியாதல், எவாப்பரேட்டர் வாக்குவம் வழியாகப் போவது, சூரிய உலர்களம் என்று அந்த 35-க்கும் பெயர் சொல்ல முடிய வேண்டும்.

சமன் 5 சதவீதத்துக்குள் மூடினால், அதாவது வந்த தண்ணீருக்கும் போன தண்ணீருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான் என்றால், நல்ல பட்டறை. 10-ஐத் தாண்டினால் எங்கோ மீட்டர் கெட்டிருக்கிறது அல்லது மீட்டர் இல்லாத குழாய் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் துல்லியமாகப் பூஜ்யத்தில் மூடினால், யாரோ கணினி முன் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தணிக்கையாளர்கள் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

இதிலிருந்து அறிக்கை எண்கள் எப்படி வருகின்றன? நிலைத்தன்மை அறிக்கைகளுக்கான சர்வதேச ஜி.ஆர்.ஐ. 303 தரநிலையும் பி.ஆர்.எஸ்.ஆரும் மூன்று சொற்களைப் பிரிக்கின்றன: எடுத்த நீர், வெளியேற்றிய நீர், நுகர்ந்த நீர். எடுத்தது கழித்தல் வெளியேற்றியது, நுகர்ந்தது. மாதிரிப் பட்டறை எடுத்தது ஆண்டுக்கு 110 × 300 = 33,000 கிலோலிட்டர். வெளியேற்றம் பூஜ்யம். எனவே நுகர்வும் 33,000. ஜீரோ டிஸ்சார்ஜ் பட்டறையில் எடுத்ததெல்லாம் நுகர்வுதான். இதைப் பார்த்துப் பயந்து, ‘மறுசுழற்சி செய்ததைக் கழித்துக் காட்டலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. உள்ளேயே சுற்றிவரும் தண்ணீர் எடுத்த கணக்கிலும் வராது, கழிக்கும் கணக்கிலும் வராது. அதற்குத் தனி வரி இருக்கிறது: 550 × 300 = 1,65,000 கிலோலிட்டர்.

சதவீதத்திலும் கவனம் வேண்டும். ‘கழிவுநீரில் 94 சதவீதம் மீட்டோம்’ என்பது 550-ஐ 585-ஆல் வகுத்தது. ‘மொத்தத் தேவையில் 83 சதவீதம் மறுசுழற்சி நீர்’ என்பது 550-ஐ 660-ஆல் வகுத்தது. இரண்டும் உண்மை, ஆனால் ஒரே கேள்விக்கு ஓர் ஆண்டு இதையும் மறு ஆண்டு அதையும் எழுதினால் வளர்ச்சியோ வீழ்ச்சியோ காகிதத்தில் மட்டும் தோன்றும்.

ஜி.ஆர்.ஐ. இன்னொன்றும் கேட்கிறது: டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் நன்னீர், மேலே இருந்தால் பிற நீர். வீட்டுக்கு உதவாத உப்புத் தண்ணீர் போர் வைத்திருப்பவர்கள் அதை நன்னீரில் சேர்த்து எழுதித் தங்கள் எண்ணைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு போருக்கும் பருவத்துக்கு ஒருமுறை டி.டி.எஸ். எடுத்து, எந்தப் பத்தியில் போகிறது என்று முடிவு செய்யுங்கள்.

உப்பு பொய் சொல்லாது

சாயக்கழிவின் அளவைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை, செலவும் குறைவு. ரியாக்டிவ் சாயமிடலில் போட்ட உப்பு துணியில் நிற்பதில்லை. முழுக்கக் கழிவுநீரில்தான் வருகிறது. ஆகவே ஸ்டோரிலிருந்து எடுத்த உப்பும், கழிவுநீரில் ஆய்வகம் காணும் குளோரைடும் பொருந்த வேண்டும்.

மாதிரிப் பட்டறை நாளுக்கு 3,000 கிலோ சாதா உப்பு பயன்படுத்துகிறது. உப்பின் எடையில் 60.7 சதவீதம் குளோரைடு, ஆக 1,820 கிலோ. அது 585 கிலோலிட்டரில் கரைந்தால் லிட்டருக்குச் சுமார் 3,100 மில்லிகிராம் வர வேண்டும். ஆய்வகமும் 3,100 என்கிறது, மீட்டரும் 585 என்கிறது, நல்லது. மீட்டர் 450 என்று காட்டினால்? 450 × 3.1 = 1,395 கிலோ. 425 கிலோ குளோரைடைக் காணோம், 23 சதவீதம். மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, அல்லது ஏதோ ஒரு மெஷினின் டிரெயின் மீட்டருக்கு முன்பே வேறு வழியில் போகிறது. வாரியம் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது.

இதைச் செய்யும்போது இடறும் இடங்கள் சில உண்டு. மாதிரியை ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பதற்கு முன் எடுங்கள்; அமிலம் தன் குளோரைடையும் கொண்டுவரும். சாஃப்ட்னர் ரீஜெனரேஷன் உப்பு சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது என்றால் அதையும் உள்ளீட்டில் சேர்க்க வேண்டும். எவாப்பரேட்டரிலிருந்து பிரைன் எனும் அடர் உப்புக் கரைசலைத் திரும்பச் சாயமிடலுக்கு எடுக்கிறீர்கள் என்றால் அதிலுள்ள உப்பும் உள்ளீடுதான். வாங்கிய மூட்டையை மட்டும் எண்ணினால் கணக்கு உதைக்கும். கிளாபர் உப்பு பயன்படுத்துபவர்கள் குளோரைடுக்குப் பதில் சல்பேட்டைப் பார்க்க வேண்டும். படிகநீரோடு வரும் கிளாபர் உப்பில் உண்மையான சோடியம் சல்பேட் 44 சதவீதம்தான், மீதி தண்ணீர். படிகநீர் இல்லாததில் ஏறக்குறைய முழுதும் உப்பு. ஸ்டோர் கணக்கில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். ஒரு நாள் கணக்கில் இது மூடாது, ஏனென்றால் சமன்படுத்தும் தொட்டியில் நேற்றைய தண்ணீரும் இருக்கும். மணிக்கொருமுறை எடுத்துக் கலந்த மாதிரியோடு ஒரு வாரக் கணக்காகப் போடுங்கள்.

புகைபோக்கி

ஆய்வகத்தார் வருகிறார்கள், ஏணியில் ஏறுகிறார்கள், இரண்டு வாரத்தில் அறிக்கை வருகிறது. எல்லா எண்ணும் வரம்புக்குள். அதோடு கோப்பில் போய்விடுகிறது. அந்த அறிக்கையைப் படிக்கத் தெரிந்தால் அதிலேயே பாதிக் கணக்கு இருக்கிறது.

மாதிரித் துளை, வளைவிலிருந்தோ புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன் இணைப்பிலிருந்தோ புகைபோக்கி விட்டத்தின் 8 மடங்கு மேலேயும், உச்சியிலிருந்து 2 மடங்கு கீழேயும் இருக்க வேண்டும். துகள் மாதிரி எடுக்கும்போது முனைக்குள் நுழையும் காற்றின் வேகமும் புகையின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் கனமான துகள்கள் கூடுதலாக விழுந்து எண் ஏறும். வேகமாக இழுத்தால் குறையும். அளவிடும் நேரத்தில் பாய்லர் எத்தனை லோடில் ஓடியது என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். பாதி லோடில் எடுத்த எண்ணை ஆண்டு முழுவதற்கும் பெருக்குவது சரியல்ல.

மாதிரிப் பட்டறையின் புகைபோக்கி விட்டம் 0.6 மீட்டர், புகையின் வேகம் நொடிக்கு 8 மீட்டர், வெப்பநிலை 150 டிகிரி, ஈரம் 10 சதவீதம். குறுக்களவு 0.283 சதுர மீட்டர். மணிக்குச் சுமார் 8,140 கன மீட்டர் சூடான புகை. நம் நாட்டில் நார்மல் கன மீட்டர் என்பது 25 டிகிரியில், ஈரமில்லாமல். ஆகவே 298-ஐ 423-ஆல் வகுத்து, ஈரத்துக்கு 0.9-ஆல் பெருக்கினால் மணிக்கு 5,160 நார்மல் கன மீட்டர்.

துகள் நார்மல் கன மீட்டருக்கு 96 மில்லிகிராம், புகையில் கார்பன் டை ஆக்சைடு 8 சதவீதம் என்று அறிக்கை வருகிறது. வரம்போடு ஒப்பிட 12 சதவீதக் கார்பன் டை ஆக்சைடுக்குத் திருத்த வேண்டும்: 96 × 12 ÷ 8 = 144. அதிகப்படி காற்றை விட்டுப் புகையை நீர்த்துப்போகச் செய்து தப்பிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் திருத்தம். ஆனால் ஆண்டு மொத்தச் சுமையைக் கணக்கிடத் திருத்தாத 96-ஐத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஓட்டமும் நீர்த்த புகையின் ஓட்டம்தான். 5,160 × 96 = மணிக்கு 0.495 கிலோ, நாளுக்கு 20 மணி, 300 நாள் என்றால் ஆண்டுக்கு 2.97 டன். 144-ஐப் போட்டால் சுமை ஒன்றரை மடங்காகிவிடும். பல அறிக்கைகளில் இந்தப் பிழை இருக்கிறது.

இப்போது குறுக்குச் சோதனை. பட்டறை மணிக்கு 500 கிலோ நிலக்கரி எரிக்கிறது. அடுத்த பகுதியில் வரும் கணக்குப்படி கிலோவுக்கு 1.605 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மணிக்கு 803 கிலோ. 25 டிகிரியில் அது 446 கன மீட்டர். புகையில் அது 8 சதவீதம் என்றால் மொத்தப் புகை 446 ÷ 0.08 = 5,580. ஆய்வகம் அளந்தது 5,160. எட்டு சதவீத வித்தியாசம், நம்பலாம். இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் நிலக்கரிப் பதிவேடோ புகை அளவீடோ தவறு.

கந்தகத்துக்கும் இதையே செய்யுங்கள். நிலக்கரியில் கந்தகம் 0.2 சதவீதம் என்றால் மணிக்கு 1 கிலோ கந்தகம். எரிந்தால் 2 கிலோ கந்தக டை ஆக்சைடு. 5,160-ஆல் வகுத்தால் கன மீட்டருக்குச் சுமார் 390 மில்லிகிராம். கொஞ்சம் சாம்பலில் நிற்கும், புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் இருந்தால் இன்னும் குறையும். ஸ்க்ரப்பரே இல்லாத புகைபோக்கியில் ஆய்வகம் 12 மில்லிகிராம் என்று எழுதினால், ‘வரம்புக்குள் இருக்கிறதே’ என்று சந்தோஷப்படாமல் ஆய்வகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பசுமைக்குடில் வாயுக் கணக்கு

ஜி.எச்.ஜி. புரோட்டோகால் முறையில் ஸ்கோப் 1 என்பது உங்கள் வேலிக்குள் எரிவதும் கசிவதும். ஸ்கோப் 2 வாங்கும் மின்சாரம். ஸ்கோப் 3 மற்றதெல்லாம்.

நிலக்கரியில் தொடங்குவோம். எரித்த அளவு என்பது தொடக்க இருப்பு கூட்டல் வாங்கியது கழித்தல் இறுதி இருப்பு. வாங்கிய பில்லை மட்டும் கூட்டுவது கணக்கு ஆகாது; மார்ச் கடைசியில் இறங்கிய லோடு அடுத்த ஆண்டுக்குரியது. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. தரும் இயல்புநிலை மதிப்பில் சப்-பிட்டுமினஸ் நிலக்கரிக்கு டன்னுக்கு 18.9 ஜிகாஜூல், ஜிகாஜூலுக்கு 96.1 கிலோ, டன்னுக்கு 1.816 டன் கார்பன் டை ஆக்சைடு. ஆனால் நீங்கள் வாங்குவது ‘4,200 ஜி.ஏ.ஆர்.’ இந்தோனேசிய நிலக்கரி என்றால் அது இதைவிடச் சக்தி குறைந்தது. கிலோவுக்கு 4,200 கிலோகலோரி என்பது டன்னுக்கு 17.6 ஜிகாஜூல், அது மொத்தக் கலோரி மதிப்பு; ஜி.ஏ.ஆர். குறிப்பது அதைத்தான். புகையில் நீராவியாகப் போகும் வெப்பத்தை விட்ட நிகர மதிப்புக்கு 5 சதவீதம் கழித்தால் 16.7. அதை 96.1-ஆல் பெருக்கினால் டன்னுக்கு 1.605. ஆண்டுக்கு 3,000 டன்னில் வித்தியாசம் 630 டன்னுக்கு மேல். பில்லிலேயே இருக்கும் ஒரு எண்ணைப் படிக்காததால் வரும் வித்தியாசம் இது. மொத்த மதிப்பை நிகர மதிப்புக்கான காரணியோடு பெருக்குவதும் அதே அளவுக்குச் சகஜமான தப்பு.

எரித்த அளவுக்கும் ஒரு குறுக்குச் சோதனை உண்டு. பாய்லர் ஃபீட் தண்ணீர் நாளுக்கு 53 கிலோலிட்டர், புளோடவுனாக (பாய்லரிலிருந்து திறந்துவிடும் உப்பேறிய தண்ணீர்) ஒன்று போக நீராவி 52 டன். நிலக்கரி 10 டன். ஒரு கிலோவுக்கு 5.2 கிலோ நீராவி. இந்தத் தர நிலக்கரிக்கு நியாயமான எண். இது திடீரென்று 7 ஆனால் பாய்லர் அற்புதம் செய்துவிடவில்லை. எடைமேடையில் ஏறாமல் நிலக்கரி உள்ளே வந்திருக்கிறது. மழைக்காலத்தில் 4.5-க்கு இறங்கினால் ஈர நிலக்கரிக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

விறகுக்கு மாறியவர்களுக்கு வேறு விதி. விறகின் கார்பன் டை ஆக்சைடு ஸ்கோப் 1-இல் சேராது. தனியாகக் கீழே காட்ட வேண்டும். ஆனால் அதன் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1-இல் உண்டு, டன் விறகுக்குச் சுமார் 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு சமானம். ‘விறகு என்றால் பூஜ்யம்’ என்று எழுதியது தணிக்கையில் திரும்பி வரும்.

டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, 20,000 லிட்டருக்கு 54 டன். ஏசி, சில்லரில் நிரப்பிய கேஸ் கசிந்த அளவுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம்: 10 கிலோ ஆர்-410ஏ என்றால் 19 டன். பழைய ஆர்-22 மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வருவது; அது ஸ்கோப் 1 மொத்தத்தில் சேராது, தனியாகக் காட்டப்படும்.

சாயப்பட்டறைகள் ஏறக்குறைய எல்லாமே விட்டுவிடும் ஒன்று சோடா ஆஷ். சாயத்தைப் பிடிக்க வைக்கப் போடும் சோடா ஆஷ் பிறகு அமிலத்தால் நடுநிலையாக்கப்படும்போது குமிழ் விட்டுக் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது. டன்னுக்கு 0.415 டன். நாளுக்கு 800 கிலோ, ஆண்டுக்கு 240 டன் என்றால் 100 டன். டீசல் ஜெனரேட்டரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டீசல் பில்லை மாதாமாதம் துருவும் ஆலைகள் இதை ஒரு வரிகூட எழுதுவதில்லை.

மின்சாரம் 40 லட்சம் யூனிட். மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் தேசிய கிரிட் சராசரி 2022-23-க்கு யூனிட்டுக்கு 0.716 கிலோ, அதன்படி 2,864 டன். நீங்கள் அறிக்கை எழுதும் ஆண்டுக்கு வெளியான புதிய பதிப்பை எடுங்கள், எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள்.

சொந்தக் காற்றாலை வைத்திருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். இடம் சார்ந்த முறையில், மீட்டரில் இழுத்த யூனிட் எல்லாமே கிரிட் யூனிட்தான். காற்றாலை மின்சாரம் வீலிங் ஆகி, அதாவது கிரிட் வழியாக வந்து, பில்லில் கழிக்கப்பட்டாலும் 2,864 மாறாது. சந்தை சார்ந்த முறையில் வீலிங் ஆன 15 லட்சம் யூனிட்டைப் பூஜ்யமாக எடுக்கலாம். 25 லட்சம் × 0.716 = 1,790 டன். ஆனால் அந்தக் காற்றாலைக்கான ஆர்.இ.சி. எனும் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழை விற்றுவிட்டீர்கள் என்றால் அந்தப் பசுமைத் தன்மையையும் விற்றுவிட்டீர்கள். பூஜ்யம் என்று எழுத உரிமை இல்லை. இரண்டு முறைகளிலும் எண் கொடுங்கள்.

கூட்டிப் பார்த்தால்: நிலக்கரி 4,816, அதன் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு 34, டீசல் 54, சோடா ஆஷ் 100, ஏசி கேஸ் 19, ஸ்கோப் 1 மொத்தம் 5,023 டன். ஸ்கோப் 2 சேர்த்தால் 7,887. கிலோ துணிக்கு 2.63 கிலோ.

எதால் வகுப்பது

எண்ணை அழகாக்க நினைப்பவர்கள் கைவைக்கும் இடம் இதுதான். ஷேடு தப்பி மறுபடி சாயமிட்ட துணியை இரண்டு முறை உற்பத்தியில் சேர்த்தால் கிலோவுக்கான தண்ணீர் தானாகக் குறையும். வகுக்க வேண்டியது பார்ட்டிக்கு அனுப்பிய நல்ல துணியால். மறுசாயத்தின் தண்ணீரும் உப்பும் நீராவியும் மேலே நிற்கட்டும். அது உண்மையான செலவு.

பி.ஆர்.எஸ்.ஆர். விற்றுமுதல் ரூபாய்க்கு எவ்வளவு என்று கேட்கிறது. ஜாப் ஒர்க் பட்டறையின் விற்றுமுதல் சாயக்கூலி மட்டும். நூல் முதல் ஆடை வரை செய்யும் ஆலையின் விற்றுமுதலில் துணியின் விலையும் உண்டு. அதே தண்ணீருக்கு முன்னவர் பல மடங்கு மோசமாகத் தெரிவார். அதனால் கிலோ கணக்கையும் பக்கத்தில் கட்டாயம் கொடுங்கள்.

படிவங்கள்

படிவம் 5 சுற்றுச்சூழல் அறிக்கை மார்ச் 31-இல் முடியும் நிதியாண்டுக்கு. செப்டம்பர் 30-க்குள் வாரியத்துக்குப் போக வேண்டும். தண்ணீரை உற்பத்தி, குளிர்விப்பு, வீட்டு உபயோகம் என்று பிரித்து நாளுக்கு எத்தனை கன மீட்டர் என்று கேட்கும். 365-ஆல் வகுப்பதா, ஓடிய 300 நாளாலா என்று எழுதிவிட்டு நிரப்புங்கள். ‘உற்பத்தி’ என்ற இடத்தில் 50-ஐ எழுதுவதா 600-ஐ எழுதுவதா என்பதில்தான் ஹிக் எண்ணோடு மோதல் வரும். 50 புதிது, 550 மீட்டது என்று இரண்டையும் பிரித்து எழுதிவிட்டால் எந்த அறிக்கையோடும் இடிக்காது. இசைவாணையில் அனுமதித்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அபாயக் கழிவுக்கான படிவம் 4 ஜூன் 30-க்குள். சுத்திகரிப்புச் சேறும் எவாப்பரேட்டரின் கலப்பு உப்பும் இதில் வரும். உப்புக் கணக்கின் கடைசி முனை இங்கேதான் இருக்கிறது: ஆண்டு முழுதும் வாங்கிய உப்பு என்பது திரும்ப எடுக்கும் பிரைனில் போன சிறு கசிவு, கிடங்கில் கூடிய கலப்பு உப்பு, சேற்றில் போனது ஆகியவற்றின் கூட்டுக்கு நெருக்கமாக வர வேண்டும். வாங்கியது 400 டன், கிடங்கில் 40 டன் என்றால் மீதி எங்கே என்று அதிகாரி கேட்பார்; பதில் இல்லாத பட்டறை ஜீரோ டிஸ்சார்ஜ் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பி.ஆர்.எஸ்.ஆர். பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயம். தாய் நிறுவனத்துக்கு எண் அனுப்பும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘அளந்தது’, ‘கணக்கிட்டது’, ‘மதிப்பிட்டது’ என்று குறியுங்கள். மீட்டர் பழுதான பதினைந்து நாளை முந்தைய மாதச் சராசரியால் நிரப்பியிருந்தால் அதை எழுதுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டு, பின்னால் மீட்டர் பதிவில் இடைவெளி தெரிந்தால்தான் மற்ற எண்களையும் சந்தேகப்படுவார்கள்.

போன ஆண்டின் எண்ணில் பிழை கண்டுபிடித்தால் இந்த ஆண்டு அறிக்கையில் பழைய எண், திருத்திய எண், காரணம் மூன்றையும் கொடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் திருத்துவது என்று முன்கூட்டியே ஒரு வரம்பை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் விவாதிக்க வேண்டியதில்லை. அப்படித் திருத்தும்போது அடிப்படை ஆண்டையும் அதே முறையில் மறுபடி கணக்கிட வேண்டும். நிலக்கரிக் காரணியை 1.816-இலிருந்து 1.605-க்கு இந்த ஆண்டு மட்டும் மாற்றிவிட்டு ‘12 சதவீதம் குறைத்தோம்’ என்று எழுதினால், எரிந்த நிலக்கரி ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது.